ஆட்டோ பட்டனும் ஆரஞ்சு ஸ்லைடரும்

பிகாசாவில் 'ஐ ஆம் ஃபீலிங் லக்கி' என்று ஒரு பட்டன் இருந்தது. 2000களின் நடுவில் டிஜிட்டல் கேமரா வாங்கி, கம்ப்யூட்டரில் படம் ஏற்றிப் பார்த்தவர்களில் அதை அழுத்திப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரே அழுத்தில் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறம் மூன்றையும் அதுவே சரிசெய்துவிடும். மேகமூட்டத்தில் மங்கிப்போன படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கார்த்திகையன்று வாசலில் எடுத்த படத்தில் அதை அழுத்தினால் கதை வேறு. விளக்கின் மஞ்சள் பாதிக்கு மேல் காணாமல் போய், அகல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்ததுபோல் ஆகிவிடும்.

அந்தப் பட்டனுக்குக் கார்த்திகையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது. இந்த மாதிரி ஆட்டோ பட்டன்கள் பெரும்பாலும் ஓர் ஊகத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன: ஒரு காட்சியில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்து சராசரி எடுத்தால் ஏறக்குறைய சாம்பல் வர வேண்டும். வரவில்லையா, வெளிச்சத்தில் ஏதோ கோளாறு, அதைத் திருத்து. தீபத்தின் மஞ்சளும் அதன் கணக்கில் கோளாறுதான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டரும் இதே கட்சி. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலின் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டிய கூட்டத்தைக் காட்டினால் வேட்டி அழுக்காகும்; கருங்கல் தூணைக் காட்டினால் தூண் வெளிறும். இப்போதைய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்த்துக் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டுகின்றன. ஆனாலும் கட்சி மாறவில்லை.

எனக்கு ஃபோட்டோ மென்பொருள் என்பது இத்தனை வருஷமும் இந்தச் சராசரியோடு நடக்கும் வாக்குவாதம்தான். படம் எடுப்பதைவிட இந்த வாக்குவாதம் எனக்கு அதிகம் பிடித்துப்போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். மறுக்க மாட்டேன்.

பிகாசாவைக் குறை சொல்வதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. லைஃப்ஸ்கேப் என்ற சிறிய நிறுவனம் செய்த மென்பொருள் அது. 2004 ஜூலையில் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. அன்றைய கம்ப்யூட்டர்களில் அது வேகமாக ஓடும். நல்ல பழக்கமும் ஒன்று அதனிடம் இருந்தது. நீங்கள் படத்தில் என்ன மாற்றம் செய்தாலும் மூலக் கோப்பைத் தொடாது. என்னென்ன செய்தீர்கள் என்பதை மட்டும் அதே ஃபோல்டரில் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். 'சேவ்' கொடுத்தால்கூட மூலத்தை ஒளித்துவைத்த ஒரு துணை ஃபோல்டரில் பத்திரமாகப் போட்டுவிட்டுத்தான் புதியதை எழுதும். விஷயம் தெரியாமல் அழகு பார்க்க வந்த லட்சக்கணக்கான பேரின் படங்களை இந்த ஏற்பாடு காப்பாற்றியிருக்கும்.

2016 மார்ச்சோடு கூகுள் பிகாசாவை நிறுத்தியது. இணையத்தில் இருந்த பிகாசா ஆல்பங்களையும் அதே வருஷம் மே மாதம் மூடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷமே கூகுள் ஃபோட்டோஸ் வந்திருந்தது. படங்கள் எங்கும் போகவில்லை. ஆனால் அந்த ஐஎன்ஐ கோப்புகளில் எழுதிவைத்திருந்த முடிவுகள், எதை வெட்டினோம், எவ்வளவு வெளிச்சம் கூட்டினோம் என்பவை, வேறெந்த மென்பொருளுக்கும் புரியாத பாஷையாகிவிட்டன. படம் எடிட் செய்வதென்றால் நாம் உண்மையில் சேர்த்துவைப்பது முடிவுகளைத்தான் என்பது அப்போது மண்டையில் ஏறியது. இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் என் கைக்குக் கிம்ப் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1990களின் நடுவில் தொடங்கிய இலவச மென்பொருள். அதன் பழைய பதிப்புகளைத் திறந்தால் கருவிப்பெட்டி ஒரு ஜன்னல், லேயர்கள் ஒரு ஜன்னல், படம் இன்னொரு ஜன்னல் என்று திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் வர 2012-இன் 2.8 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லிச் சொல்லியே பலர் கிம்பைத் தொடாமல் போனார்கள்.

எனக்கு அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. படத்தின் மூலையில் தமிழில் ஊர்ப்பெயர் எழுத ஆசை. அன்று ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றில் யுனிகோடு தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்றும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காசில்லாமல் கிடைத்த கிம்பில் 'கொடைக்கானல்' கொடைக்கானலாகவே விழுந்தது. அன்றைக்கு எனக்கு அது போதும்.

அடுத்தது ரா ஃபைல். என்னிடம் அப்போது இருந்தது நிக்கான் டி40. ஆறு மெகாபிக்ஸல், 18-55 கிட் லென்ஸ். இன்று ஃபோனில்கூட ஆறு மெகாபிக்ஸல் என்றால் சிரிப்பார்கள். மெனுவில் ஜேபெக்கை விட்டு ரா என்று மாற்றியதும் முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். கேமராவின் திரையில் பார்த்த பளபளப்பு கம்ப்யூட்டரில் இல்லை. சோகையாக, சாயம் போன படமாக இருந்தது. ரா என்பது படமே அல்ல, சென்ஸார் அளந்து கொடுத்த எண்களின் குவியல் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம். சென்ஸாரில் உள்ள புள்ளிகளுக்கு நிறமே தெரியாது, எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பச்சையை ஒட்டித்தான் நன்றாக உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரண்டு பங்கு. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இதற்கு 1976-இல் காப்புரிமை வாங்கினார். ஆக, ஒவ்வொரு புள்ளியிலும் நிஜமாக அளந்தது ஒரு நிறம். மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை. நாம் பார்க்கும் பெரும்பாலான டிஜிட்டல் கலர் படங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஊகம். பட்டுப்புடவையின் நெருக்கமான இழைகளில் சில நேரம் இல்லாத வானவில் அலைகள் தோன்றுவது இந்த ஊகம் தடுமாறும் இடத்தில்தான். 'மென்பொருள் தொடாத ஒரிஜினல் ஃபோட்டோ' என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

டி40-இன் ரா ஃபைலில் ஒரு புள்ளிக்கு 12 பிட், அதாவது 4096 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், 256 படிகள். வானத்தை நாலு விதமாக இழுத்துப் பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும். ஜேபெக் வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

ஜேபெக்கை இளக்காரமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் கணக்கில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, கான்ஸஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற முறையை ஆராய 1972-இல் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் செய்து, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் இதன்மேல்தான் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளாக மாற்றி, கண் கண்டுகொள்ளாத நுணுக்கமான அலைகளைத் துணிந்து தூக்கி எறிகிற முறை. தென்னங்கீற்றும் வானமும் சந்திக்கும் விளிம்பில் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் தெரிந்தால், அளவுக்கு மேல் தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வரும் கல்யாணப் பத்திரிகையைப் பெரிதாக்கிப் பாருங்கள், கட்டங்களே தெரியும்.

ரா ஃபைலில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான கேமரா கம்பெனிகள் அதைத் தம் சொந்த முறையில் எழுதும், எப்படி எழுதினோம் என்று சொல்ல மாட்டார்கள். 2005-இல் நிக்கானின் டி2எக்ஸ் கேமரா ஒயிட் பேலன்ஸ் விவரத்தைச் சங்கேதமாக்கி எழுதியது. ஃபோட்டோஷாப்பைத் தொடங்கிய தாமஸ் நோல் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். இதற்கிடையில் டேவ் காஃபின் என்ற நிரலாளர் அந்தச் சங்கேதத்தை அவிழ்த்துத் தன் டிசிரா நிரலில் சேர்த்துவிட்டார். 1997-இலிருந்து அவர் செய்துவந்த வேலை இதுதான்: எந்தக் கம்பெனியின் ரா ஃபைலானாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும். சி மொழியில் ஒரே ஒரு கோப்பு, அவ்வளவுதான் டிசிரா. பின்னால் வந்த எத்தனையோ மென்பொருள்கள் அந்தக் கோப்பிலிருந்து கடன் வாங்கியிருக்கின்றன. பழைய கேமராவின் படங்கள் இன்றும் எனக்குத் திறக்கின்றன என்றால் அதில் இப்படிப்பட்டவர்களின் பிடிவாதம் இருக்கிறது.

ரா ஃபைலைத் திருத்த லைட்ரூமா டார்க்டேபிளா என்று கேட்டு அனுப்புகிறவர்களுக்கு நான் சுருக்கமாகவே பதில் சொல்வது வழக்கம். லைட்ரூம் 2007-இல் வந்தது, பழகச் சுலபம், 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற வசதி நின்றுபோனது, பிறகு சந்தாதான். டார்க்டேபிள் இலவசம், 2009-இல் தொடங்கியது, விண்டோஸுக்கு 2017 கடைசியில்தான் வந்தது, பழக நாளாகும். பழகும்வரை ஒரு படத்துக்கு எதற்கு இத்தனை மாட்யூல் என்று கோபம் வரும். நான் டார்க்டேபிளில் தங்கிவிட்டேன். வருஷத்தில் சில மாதம் கம்ப்யூட்டரையே திறக்காதவனுக்கு மாதச் சந்தா ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதில் கொள்கை எதுவும் இல்லை.

பிகாசா சொல்லிக்கொடுத்த பாடத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம். டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பை எழுதிவைக்கும். நீங்கள் போட்ட நட்சத்திரம், தலைப்பு, குறிச்சொற்கள் எல்லாம் அதில் யாரும் படிக்கும்படி இருக்கும், தமிழில் எழுதினாலும் சிதையாது. ஆனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் என்ன செய்தீர்கள் என்ற பகுதி டார்க்டேபிளுக்கு மட்டும்தான் புரியும். லைட்ரூமின் குறிப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான். நட்சத்திரம் வீடு மாறும், உழைப்பு மாறாது. அதனால் முடித்த படம் ஒவ்வொன்றையும் முழு அளவில் ஒரு பிரதி எடுத்துத் தனி ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். மென்பொருள் எது நின்றாலும் நம் முடிவு நம்மிடம் இருக்கும்.

சரி, வாக்குவாதத்துக்கு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. வாசல் வழியாக நுழைந்து எல்லோரும் எடுக்கும் படத்துக்குக் காலை வெயில்தான் சரி. சாயங்காலம் போனால் விமானத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பிராகாரத்துக்குப் போய்விட வேண்டும். வெயில் சாயச் சாய அந்தக் கல்லில் ஒரு நிறம் ஏறும். ஏறி, சில நிமிஷம் நின்று, போய்விடும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்த படத்தைத் திறந்தால் கல் கல்லாகவே இருக்கும், பகல் இரண்டு மணிக்கு எடுத்த மாதிரி. கேமராவைப் பொறுத்தவரை அந்த நிறம் வெளிச்சத்தின் பிழை; கல்லின் 'உண்மை' நிறத்தை மீட்டுக் கொடுத்துவிட்டதாக அது நினைக்கிறது. நாம் வண்டி பிடித்துப் போனதே அந்தப் பிழைக்காகத்தான். ராவில் எடுத்திருந்தால் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு, ஏறக்குறைய 5500 கெல்வினுக்கு, நிறுத்திவிடலாம். அப்போது சாயங்காலம் சாயங்காலமாகத் திரும்பி வரும்.

மதுரையில் சிக்கல் வேறு மாதிரி. 2009 குடமுழுக்குக்காக மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களுக்குப் புது வண்ணம் பூசினார்கள். அந்தச் சிவப்பும் மஞ்சளும் நேர் வெயிலில் நிற்கும்போது மொத்த வெளிச்ச வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சிவப்பு சானலை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். முட்டிய இடத்தில் விவரம் இருக்காது. துவாரபாலகரின் உதடும் ஆடையும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். குங்குமக் குவியல், செம்பருத்தி, அரக்குப் பட்டு எல்லாவற்றுக்கும் இதே கதி. சிவப்பு அதிகம் உள்ள காட்சியில் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவிட்டு, பிறகு ராவில் தூக்குவது என் பழக்கம். நம் ஊரில் எதில்தான் சிவப்பு இல்லை.

இதெல்லாம் கல்லும் சுதையும். சராசரியோடு எனக்கு நிஜமான சண்டை ஆட்களின் முகத்தில்தான்.

சித்தப்பா மகளின் கல்யாண ஆல்பம் வந்தபோது வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. கனமான அட்டை, வழுவழுத் தாள், பக்கத்துக்குப் பக்கம் பூவும் நட்சத்திரமும். அவள் நல்ல கறுப்பு. எங்கள் வீட்டில் பாதிப் பேர் அப்படித்தான். ஆல்பத்தில் இருந்தவள் கோதுமை நிறத்தில் இருந்தாள். கையும் முகமும் ஒரு நிறம், கழுத்துக்குப் பின்னால் மட்டும் அவளுடைய சொந்த நிறம் கொஞ்சம் தப்பித்திருந்தது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "யாருண்ணே இது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். ஆனால் அந்த ஆல்பம் அதற்குப் பிறகு அவள் வீட்டில் அலமாரியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இது எப்படிச் செய்கிறார்கள் என்பது ரகசியமே இல்லை. லைட்ரூமில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று ஸ்லைடர் உண்டு: நிறச்சாயல், அடர்த்தி, வெளிச்சம். மனிதத் தோல் எந்த நாட்டுக்காரருடையதானாலும் ஆரஞ்சு நிறத்தின் எல்லைக்குள்தான் பெரும்பாலும் வரும். வெளிச்சமும் அடர்த்தியும்தான் வேறுபடும். ஆரஞ்சின் வெளிச்சத்தை வலது பக்கம் தள்ளினால் படத்தில் உள்ள அத்தனை முகமும் ஒரே நேரத்தில் வெளுக்கும். இதை ஒரு ப்ரீசெட்டாக்கி வைத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான படங்களை ஒரே கிளிக்கில் வெளுக்கலாம். ஸ்டூடியோக்காரரைக் கேட்டால், "பொண்ணு வீட்லயே கேக்குறாங்க சார், கலர் கம்மியா இருந்தா பேமென்ட்ல பிடிச்சிக்கிறாங்க" என்பார். அதிலும் பொய் இல்லை. முகத்துக்குப் பூசும் அந்தப் பிரபலமான கிரீமே 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆரஞ்சு ஸ்லைடர் மட்டும் இன்னும் வலது பக்கமே நிற்கிறது.

ஸ்டூடியோக்காரரின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. ஃபிலிம் காலத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்பார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம். அவள் முகம் சரியாக வரும்வரை மெஷினைத் திருக வேண்டும்; அவளுக்குச் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி. கறுப்பு, மாநிறத் தோல்களில் விவரம் போனதைப் பற்றிப் பல காலம் நிறுவனம் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட்டும் மர சாமான்களும் விளம்பரப் படங்களில் ஒரே பழுப்பாகத் தெரிகின்றன என்று அந்தக் கம்பெனிகள் முறையிட்ட பிறகுதான் ஃபிலிம் திருந்தியது என்று கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் விரிவாக எழுதியிருக்கிறார். 2021-இல் கூகுள் தன் பிக்ஸல் 6 ஃபோனோடு 'ரியல் டோன்' என்று கறுப்பு, மாநிறத் தோல்களை ஒழுங்காகக் காட்டும் ஏற்பாட்டை ஒரு சிறப்பம்சமாக அறிவித்தது. ஒழுங்காக வேலை செய்வதே சிறப்பம்சம் ஆகிற நிலையில்தான் நாம் 2021-இலும் இருந்தோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பான முகத்தை எடுக்கும்போது மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டப் பார்க்கும். விடாதீர்கள், கொஞ்சம் குறைத்து வையுங்கள். கறுப்புத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது: நெற்றியில், கன்ன மேட்டில், மூக்கு நுனியில் விழும் அந்தச் சின்ன வெளிச்சங்களில். வெளிச்சத்தைக் கூட்டினால் முதலில் சாவது அவைதான். முகம் பவுடர் அப்பியதுபோல் தட்டையாகிவிடும். நேர் ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் வந்த பிறகு நிழலைத் தூக்குவதானால் கொஞ்சமாகத் தூக்குங்கள், அதிகம் தூக்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும். கிளாரிட்டி ஸ்லைடரை முகத்தில் தொடவே வேண்டாம். இப்படிச் செய்து சித்தப்பா மகளுக்கு வளைகாப்பில் எடுத்துக் கொடுத்த படம் ஒன்றை அவள் ஃபோன் முகப்பில் வைத்திருந்தாள். அவள் மாமியார் மட்டும், "கொஞ்சம் லைட்டு போட்டு எடுத்திருக்கலாம்ல தம்பி" என்றார்.

இடையில் ஓடிப்போன ஒரு மோகத்தையும் சொல்லிவிட வேண்டும். 2008 வாக்கில் எச்டிஆர் காய்ச்சல் அடித்தது. மூன்று வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து ஒன்றாக்குவது. நியாயமான தேவைக்கு வந்த நுட்பம்தான், மண்டபத்து இருட்டும் வெளிப்பிராகாரத்து வெயிலும் ஒரே படத்தில் அடங்கும். ஆனால் அன்றைக்கு ஃபிளிக்கரைத் திறந்தால் எல்லாக் கோபுரத்தைச் சுற்றியும் ஓர் ஒளிவட்டம், எல்லா மேகமும் இடி விழப்போவதுபோல். புல்லுக்கு நியான் பச்சை. இப்போது உங்கள் ஃபோன் நீங்கள் கேட்காமலேயே பல படங்களை ஒட்டித்தான் ஒரு படம் தருகிறது. அடக்கமாகச் செய்வதால் யாருக்கும் தெரிவதில்லை.

படத்தை முடிப்பது ஒன்று, பிறர் கண்ணில் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. கேமரா மெனுவில் எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி என்று இரண்டு இருக்கும். இரண்டாவதில் அதிக நிறம் அடங்கும் என்று படித்துவிட்டுப் பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இணையத்துக்குப் பொது வழக்காக இருப்பது 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி. பழைய பிரவுசர்கள் படத்தோடு வரும் நிறக்குறிப்பைப் படிக்காமல் எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, மஞ்சள் பூசிய முகமெல்லாம் சோகை பிடித்துத் தெரியும். இன்றைய பிரவுசர்கள் திருந்திவிட்டன. ஆனால் இப்போது ஃபோன்கள் கெட்டுப்போய்விட்டன: பாதி ஃபோன்களில் 'விவிட்' என்ற அமைப்பு ஆன் ஆகியே வருகிறது, மிளகாய்த்தூள் தூவியதுபோல எல்லா நிறத்திலும் காரம். என் மானிட்டரை அளவுக் கருவி வைத்துச் சரிசெய்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிதானித்த நிறம், பார்க்கிறவர் கையில் என்னவாகும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் இப்போதெல்லாம் படத்தை ஏற்றுமுன் வீட்டில் உள்ள மட்டமான ஃபோன் ஒன்றில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அதில் தாங்கினால் எதிலும் தாங்கும். இன்னொன்று, ஃபோனில் எடுத்த படமானால் அதற்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கக்கூடும். வீட்டுக் குழந்தைகளின் படத்தைப் பொதுவில் போடுமுன் அதை நீக்கிவிடுவது நல்லது. ஏற்றுமதி செய்யும்போது ஒரு டிக் எடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக, கம்பி. நம் ஊர்த் தெருவில் எதை எடுத்தாலும் குறுக்கே கரண்ட் கம்பி ஓடும், கேபிள் டிவி வயர் தொங்கும். அதை எடுக்கலாமா என்பது என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. எடுக்க முடியுமா என்பது கேள்வியே இல்லை. ஃபோட்டோஷாப்பில் 2010-இலேயே கன்டென்ட்-அவேர் ஃபில் வந்துவிட்டது. கிம்ப் ஆட்கள் அதற்கு முன்பே ரீசிந்தசைசர் என்ற பிளக்இன்னை வைத்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது வெறும் வெள்ளை வானத்தை எடுத்துவிட்டு மேகம் வைக்கவே தனி மெனு இருக்கிறது. சித்திரை வெயிலில் எடுத்த தெருவுக்கு மேலே ஐப்பசி மேகம். கீழே நிழல் மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக. மேகத்தை வைத்தவருக்கு நிழலைக் கவனிக்கத் தோன்றவில்லை.

புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரியின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2016-இல் இத்தாலியில் நடந்த அவரது கண்காட்சியில், கியூபாவில் எடுத்த ஒரு படத்தில் கம்பத்தின் ஒரு துண்டு தப்பான இடத்தில் ஒட்டியிருந்ததை ஒருவர் கவனித்தார். தோண்டத் தோண்ட இந்தியாவில் எடுத்த படங்கள் உட்பட வேறு சிலவற்றிலும் ஆட்களும் பொருட்களும் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தான் பத்திரிகைப் படக்காரன் அல்ல, காட்சியால் கதை சொல்கிறவன் என்ற பொருளில் அவர் விளக்கம் கொடுத்தார். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. நம் தெருவின் நெரிசலை எடுத்துவிட்டு விற்கிறவர், அந்தத் தெருவை ஒருபோதும் பார்க்கப்போகாதவர்களுக்குத்தான் விற்கிறார். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஊர், தெரு, திருவிழா என்று பெயர் போட்டு வெளியிடும் படத்தில் கம்பி இருந்தால் இருக்கட்டும், அது மின்வாரியத்துக்கும் வரலாற்றுக்கும் இடையில் உள்ள விவகாரம். நிறம், வெளிச்சம், வெட்டு, இவற்றில் கை வைப்பேன். பொருளில் வைக்க மாட்டேன். வீட்டுப் படங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது.

வீட்டுப் படங்களில் சட்டத்தை எழுதுவது எங்கள் அத்தை. மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம், மண்டபத்தில் இருவரையும் உட்காரவைத்துக் கலச நீர் ஊற்றும் படம், எல்லாம் அமைந்திருந்தது. பின்னால் யாரோ வைத்த நீல பிளாஸ்டிக் பக்கெட். "அந்த பக்கெட்ட மட்டும் எடுத்துரு சாமி" என்றார். எடுத்தேன், அரை நிமிஷ வேலை. திரையில் அது மறைந்ததைப் பார்த்ததும் அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த ஓரத்துல நிக்கிறவரு யாரு, அவரையும் எடுத்துரு. அந்த லைட்டு வயர். அப்படியே மாமாவுக்கு நெத்தி மேல கொஞ்சம் முடி வைக்க முடியுமா, இருபது வருஷத்துக்கு முந்தி இருந்த மாதிரி.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பக்கெட்டோட நிறுத்திக்க மாப்ள."

நிறுத்திக்கொண்டேன். வயரை மட்டும் அத்தைக்காக எடுத்தேன்.